வாப்பாவின் ஈரலும் ஊர் சொன்ன கதையும்



கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கட வாப்பா மௌத்தாகி மூன்று வருடமாகிறது. ஜனாஸாவுக்கு ஊரே வந்தது. மையவாடி வரைக்கும் நடந்த சனத்தைப் பார்த்து நாங்கள் பிள்ளைகள் நாலு பேரும் மனம் ஆறினோம். அந்தச் சனத்துக்குள்ளேயே ஒரு கதையும் நடந்து வந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. "மனிசன் களவாக் குடிச்சிருக்கார். இல்லாட்டி ஈரல் ஏன் பழுதாப் போகுது?" ஒரு தேத்தண்ணிக் கடையில் எங்கள் மச்சானை வைத்துக்கொண்டே சொன்னார்களாம். அவர் எங்கள் மச்சான் என்று அவர்களுக்குத் தெரியாது.

உம்மா அப்போது இத்தாவில் இருந்தா. இதையெல்லாம் இப்ப கிளற வேண்டாம் என்றா. இத்தா முடிந்தது, பிறகு பெருநாள் வந்தது, பிறகு சோதனைக் காலம், அப்படியே விட்டுப் போனது. போன மாதம் உம்மாவே சொன்னா: "நீங்க படிப்பிக்கிற ஆக்கள்தானே, வாப்பாட வருத்தம் என்னெண்டு ஊருக்கு எழுதுங்களன்." அதனால் எழுதுகிறோம்.

வாப்பாவுக்கு 18 வருடமாகச் சீனி வருத்தம். வட்டையில் காணி செய்தவர். வயலுக்கு நடந்து போன காலத்தில் ஒட்டின வயிறு. மோட்டார் சைக்கிள் வாங்கிய பிறகு வயிறு வந்தது. பேரப்பிள்ளைகள் அதில் றபான் அடித்து விளையாடுவார்கள். பிறகு ஒரு நோன்பு காலத்தில் அந்த வயிறு வேறு மாதிரிப் பெருத்தது. கால் வீங்கியது. சாறனைக் கீழே இறக்கிக் கட்டினார். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு கிணற்றடியில் சத்தி எடுத்தார். இரத்தம். கொஞ்சநஞ்சமில்லை, ஒரு பேசன் நிறைய.

ஆஸ்பத்திரியில் முதல் கேட்ட கேள்வி, "குடிக்கிறவரா?" இல்லை என்றோம். கொஞ்ச நேரத்தால் வேறொருவர் வந்து கேட்டார். இல்லை என்றோம். மூன்றாவது ஆளும் கேட்டார், வார்ட்டில் எல்லோருக்கும் விளங்குகிற சத்தத்தில். கேட்பது அவர்கள் கடமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்களில் எங்கட பக்கத்து ஆட்களும் படுத்திருந்தார்கள். கேள்வி மட்டும் ஊருக்கு வந்தது, பதில் வரவில்லை.

துண்டு வெட்டும்போது கார்டில் எழுதியிருந்தது 'போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்'. ஹைப்பர்டென்ஷன் என்றால் பிரஷர். எனவே பிரஷர் என்று விளங்கிக்கொண்டோம். உம்மா கறியில் உப்பைக் குறைத்தா (வயிற்றில் நீர் கட்டியவருக்கு அது எப்படியும் செய்ய வேண்டியதுதான், தற்செயலாகச் சரியாய்ப் போனது). கையில் பட்டி சுற்றிப் பிரஷர் பார்த்தால் 110க்கு 70 என்று நல்லாகத்தான் இருந்தது. எங்கே பிரஷர்?

வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், பத்து வருடத்துக்கு மேலாக விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு அது எங்கே என்று பிடிபட இரண்டு நாள் எடுத்தது. 'ஈரல் வாயி நாளம்' என்று வெண்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்போம். கலாசாலையில் அந்தப் படத்தைக் கலர் பென்சிலால் கீறிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். அந்த வாயி நாளமும் கார்டில் உள்ள போர்ட்டலும் ஒன்றுதான் என்று தலையில் ஏறவில்லை. பாடம் ஒரு மொழியில், வருத்தம் இன்னொரு மொழியில். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார், 1873இல் தன் நாட்டுக்குத் திரும்பினார். அந்தப் பாதையில் புல் முளைத்துவிட்டது. சரி, அது வேறு பதிவு.

இரத்தம் உடம்பில் ஓடும் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. இதயத்திலிருந்து நாடி, நாடி பிரிந்து பிரிந்து மயிர்த்துளைக் குழாய், அங்கே கொடுக்கல் வாங்கல், பிறகு சேர்ந்து சேர்ந்து நாளம், நாளம் இதயத்துக்கு. ஆனால் வயிற்றுக்குள் ஓர் இடத்தில் இந்த வழக்கம் மாறுகிறது. இரைப்பை, குடல், சதையி, மண்ணீரல் ஆகியவற்றில் இருந்து வரும் நாளங்கள் இதயத்துக்கு நேரே போவதில்லை. எல்லாம் சதையிக்குப் பின்னால் சேர்ந்து ஒரே குழாயாகி, ஏறத்தாழ 8 சென்றிமீற்றர் நீளம் போய், ஈரலுக்குள் நுழைந்து, அங்கே மறுபடியும் மயிர் மயிராகப் பிரிகின்றன. ஈரலுக்குள் பரவிய பிறகுதான் ஈரல் நாளமாகச் சேர்ந்து இதயத்துக்குப் போகும். இப்படி மயிர்த்துளைக் குழாயில் தொடங்கி மயிர்த்துளைக் குழாயில் முடிகிற நாளம்தான் வாயி நாளம். வாயில் என்பதுதான் வாயி. இலத்தீனில் போர்ட்டா, அதுவும் வாசல். அறபியில் அல்வரீதுல் பாபி என்பார்கள். பாப் என்றால் வாசல் என்று ஓதல் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வரீத், சூரா காஃபில் பிடரி நரம்பைச் சொல்லும் இடத்தில் வருகிற அதே வரீத்.

ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வாசலால்தான் போகிறது. மற்றக் கால் பங்குதான் ஈரல் நாடியால், இதயத்திலிருந்து வரும் சுத்தமான இரத்தம். சுகமான ஆளின் ஈரலுக்குள் இரண்டாலும் சேர்த்து நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் அளவில் இரத்தம் போகும்.

இதை வாப்பாவுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அவர் ஐந்தாம் வகுப்பு. கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம் நாங்கள் வட்டையைத்தான் இழுத்தோம். மேல் வட்டைக்கு வாய்க்காலால் தண்ணி வருகுது வாப்பா, வயல் வயலாப் பரவுது, வடியுது. வடிஞ்ச தண்ணி நேரா ஆத்துக்குப் போகாம இன்னொரு வாய்க்காலாச் சேர்ந்து கீழ் வட்டைக்குப் போய்த் திரும்பப் பரவுது. அதுக்குப் பிறகுதான் ஆறு. மேல் வட்டை குடல், கீழ் வட்டை ஈரல், நடுவில உள்ள வாய்க்கால்தான் இந்த நாளம்.

வாப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "அப்ப கீழ் வட்டை இறுகிப் போச்சு. தண்ணி உள்ள போகாது. மேல இருந்து வந்துகொண்டே இருக்கும். வரம்பு எங்க மெலிவோ அங்க உடைக்கும்."

அவ்வளவுதான் அந்த வருத்தம். புத்தகத்தில் நாலு பக்கம். வாயி நாளத்தில் சாதாரணமாக 5 முதல் 10 மில்லிமீற்றர் இரச அளவு அமுக்கம்தான் இருக்கும், கையில் பட்டி சுற்றிப் பார்க்கும் 120க்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை. ஈரல் தழும்பு பிடித்து இறுகினால் இந்த வாய்க்காலில் மட்டும் அமுக்கம் ஏறும். வளர்ந்தவர்களின் வாயி நாளத்தில் வால்வு கிடையாது, வந்த இரத்தம் வந்த வழியே திரும்பவும் முடியும். அது வேறு வழி தேடும். களத்தின் அடியில், இரைப்பை தொடங்கும் இடத்தில், சிறிய நாளங்கள் இருக்கின்றன. அவை இந்தப் பாரத்துக்கு உண்டானவையல்ல. வீங்கி, மெலிந்து, ஒரு நாள் வெடிக்கும். கிணற்றடியில் நடந்தது அதுதான். வாய்க்கால் கசிந்து வயிற்றுக்குள் நீர் கட்டும், மண்ணீரல் வீங்கும். தோணா வாய் மண்மூடினால் மாரியில் என்ன நடக்கும் என்று சாய்ந்தமருதுக்காரருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

குழாய் விட்டுப் பார்த்து, வீங்கிய நாளங்களுக்கு இறப்பர் வளையம் போட்டார்கள். புரோப்பிரனலோல் என்று ஒரு குளிசை. நெஞ்சுப் படபடப்புக்குக் கொடுப்பார்களே, அதேதான், வாயி நாள அமுக்கத்தையும் அது குறைக்கும். பிறகு ஒரு பாணி, லக்டுலோஸ். இந்தப் பாணியில்தான் கதையின் மற்றப் பாதி இருக்கிறது.

ஏன் குடல் இரத்தம் முதலில் ஈரலுக்குப் போக வேண்டும்? சாப்பாட்டில் உள்ள எல்லாம், நல்லதும் கெட்டதும், சடைமுளைகளால் இரத்தத்துக்குள் வருகின்றன. கொழுப்பின் பெரும்பங்கு மட்டும் நிணநீர் வழியாகச் சுற்றிப் போகும், மற்றதெல்லாம் வாசலால்தான். அங்கே ஈரல் இருந்து கணக்குப் பார்க்கும். கூடுதலான குளுக்கோசைக் கிளைக்கோசனாக்கி வைத்துக்கொள்ளும். குடலில் பற்றீரியாக்கள் ஆக்கும் அமோனியாவை யூரியாவாக்கிச் சிறுநீருக்கு அனுப்பும். நாங்கள் விழுங்கும் மருந்திலும் ஒரு பங்கை இந்த வாசலிலேயே உடைத்துவிடும். நெஞ்சு நோவுக்காரர் நாக்குக்குக் கீழே ஒரு குளிசை வைப்பார்களே, அதை ஏன் விழுங்க விடுவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? விழுங்கினால் குடல், வாயி நாளம், ஈரல். நெஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். நாக்கடியில் வைத்தால் வாசலைத் தொடாமல் நேரே இதயம். சதையி சுரக்கும் இன்சுலினும் முதலில் போவது ஈரலுக்குத்தான், அதே வாய்க்காலால்.

ஈரல் இறுகி, இரத்தம் சுற்று வழியால் தப்பிப் போனால், அமோனியாவும் தப்பிப் போகும். நேரே மூளைக்கு.

1877இல் ரஷ்யாவில் எக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நாய்களில் வாயி நாளத்தைக் கீழ்ப்பெருநாளத்தோடு நேரே இணைத்துக் காட்டினார். 1893இல் பவ்லோவும் கூட்டாளிகளும் (மணியடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர் என்று கல்வி உளவியலில் படித்தோமே, அவரேதான்) அதே இணைப்பைச் செய்த நாய்களைக் கவனித்தார்கள். இறைச்சி கொடுத்தால் அவை தள்ளாடின, குணம் மாறின, மயங்கின. நாய் குடிக்கவில்லை. இறைச்சியைத் தின்றது, ஈரலைத் தாண்டி இரத்தம் போனது.

இனி வாப்பாவின் பாணி. லக்டுலோஸ் குடலில் அமோனியாவைப் பிடித்து வைத்து, வயிற்றால் போகச் செய்து வெளியேற்றும். நாளைக்கு இரண்டு மூன்று தரம் வயிற்றால் போனால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். வாப்பாவுக்கு அது பெரிய கரைச்சல். "வுழூ நிக்குதில்ல மகன்," என்பார். ஐந்து வக்தும் பள்ளியில் ஜமாஅத்தோடு தொழுத மனிதருக்கு, முதல் சப்பில் நின்றுகொண்டு வயிறு இரைவது எப்படி இருக்கும்? எங்களுக்குச் சொல்லாமல் நிறுத்திவிட்டார். போத்தல் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது, மௌத்துக்குப் பிறகுதான் எடுத்தோம். முக்கால் போத்தல். அவரைப் போன்றவர்களுக்குச் சலுகை உண்டு என்று ஒரு மௌலவியிடம் கூட்டிப்போய்க் கேட்டுக் கொடுத்திருக்கலாம். எங்களுக்கு அது தோன்றவில்லை. அதுதான் எங்கட பிழை, டொக்டரின் பிழை அல்ல, வாப்பாவின் பிழையும் அல்ல.

பாணியை நிறுத்திய அந்தக் கிழமை ஒரு கலியாண வீடு. மாட்டிறைச்சிச் சாப்பாடு. இரண்டாம் நாள் அசருக்குப் பள்ளிக்குப் போனவர் வரும்போது சந்தியில் தள்ளாடினார். நாக்குத் தடித்துப் பேசினார். தெரிந்த ஆளை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டார். கைகளை முன்னுக்கு நீட்டச் சொன்னால் பறவை செட்டை அடிப்பது போல மணிக்கட்டு ஆடும், அதுவும் இருந்தது. மூச்சில் ஒரு இனிப்பான, பழுதான மணம். இவையெல்லாம் இந்த வருத்தத்தின் அடையாளங்கள் என்று எந்த மருத்துவ மாணவனும் சொல்வான். சந்தியில் நின்றவர்கள் கண்டது தள்ளாடுகிற ஒரு மனிசனை, நாக்குக் குழறுகிற ஒரு மனிசனை, வாயில் மணம் உள்ள ஒரு மனிசனை. ஈரல் வருத்தம் என்பதும் ஏற்கனவே தெரியும். இரண்டையும் கூட்டினார்கள். அவர்கள் இடத்தில் நாங்கள் நின்றிருந்தாலும் அப்படித்தான் கூட்டியிருப்போமோ என்று யோசித்துப் பார்த்தோம். கூட்டியிருக்கலாம். ஆனால் தேத்தண்ணிக் கடையில் சொல்லியிருப்போமா?

அதற்குப் பிறகு பதினொரு நாள். அதை எழுதவில்லை.

குடிக்காத மனிசனுக்கு எப்படி என்ற கேள்விக்கு வருவோம். ஈரலை இறுக்குவதற்குச் சாராயம் ஒரு வழி. மஞ்சட்காமாலை வைரசுகளில் பீ, சீ என்ற இரண்டும் வேறு வழி. இன்னொரு வழி, ஈரலில் கொழுப்புப் படிவது. சீனி வருத்தம், வயிறு, இரத்தத்தில் கொழுப்பு உள்ளவர்களுக்கு அது வரும். நோகாது, சொல்லாது. பெரும்பாலானோருக்கு அப்படியே இருந்துவிடும், சிலருக்கு வருடக்கணக்கில் அழற்சியாகித் தழும்பாகும். கம்பஹா மாவட்டத்தில் ராகம பகுதியில் 2007இல் 35 முதல் 64 வயது வரையான ஆட்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். மூன்றில் ஒருவர் அளவுக்கு, குடியோடு சம்பந்தமில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. ராகம எங்கட ஊர் இல்லைதான். ஆனால் எங்கட கலியாண வீடுகளையும், பின்னேரம் கொத்து ரொட்டிக் கடை வாசலில் நிற்கும் சனத்தையும் பார்த்தால் எங்கட கணக்குக் குறைவாக இருக்கும் என்று நினைக்க ஒரு நியாயமும் இல்லை.

இப்படி எழுதும்போது சிலர் இதெல்லாம் எங்கட இப்னு ஸீனா அன்றே சொன்னது என்று கீழே வந்து எழுதுவீர்கள். அவர் அந்த நாளத்தை 'பாப்' என்று பெயர் சொல்லி விபரித்தது உண்மை. ஆனால் அவரும் கிரேக்க கேலனைப் பின்பற்றி, அந்த வாசலால் வரும் உணவுச் சாறை ஈரல் இரத்தமாக மாற்றுகிறது என்றுதான் எழுதினார். இரத்தம் சுற்றி வருகிறது என்பது 1628இல் ஹார்வி எழுதிய பிறகுதான் நிலைத்தது. ஈரல் சீனியைச் சேமிக்கிறது என்பதைக் கிளோட் பேர்னார்ட் கண்டுபிடித்து, 1857இல் கிளைக்கோசனைப் பிரித்தெடுத்தார். பெருமைப்படுவோம், ஆனால் கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டு பெருமைப்படுவோம்.

இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உழ்ஹிய்யா மாட்டின் ஈரலை நாங்கள் துண்டு போட விடவில்லை. அறுத்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார். ஈரலையும் மண்ணீரலையும், இடையில் உள்ள குழாய்கள் அறுபடாமல், ஐஸ் பெட்டியில் வைத்தோம். இரத்தம் ஹறாம், ஆனால் ஈரலும் மண்ணீரலும் ஆகும் என்று சின்ன வயதில் ஓதினோம். இரண்டும் ஒரே வாய்க்காலில் தொங்குகிறவை என்பது இவ்வளவு நாளும் மனதில் படவில்லை.

விடுமுறை முடிந்த முதல் நாள் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஈரலின் அடிப்பக்கம், பித்தப்பைக்குப் பக்கத்தில் மூன்று குழாய்கள். பச்சை பிடித்தது பித்தக்கான். தடித்த சுவரோடு சிறியது நாடி. அகலமாய், மெல்லிசாய், விரல் போகக்கூடியது வாயி நாளம். விரலை விட்டுப் பாருங்கள் என்றோம். முதலில் ஒருவரும் விடவில்லை, பிறகு பெண்பிள்ளைகள்தான் விட்டார்கள். மீன்காரர் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான், மீனுக்கும் இருக்கா சேர்? இருக்கு. மீனுக்கு இன்னொன்றும் இருக்கு. மீன் துப்புரவாக்கும்போது முள்ளந்தண்டோடு ஒட்டிக் கறுத்த சிவப்பில் ஒரு வரி சுரண்டி எடுப்பார்களே, அது சிறுநீரகம். வால் பக்கத்து இரத்தத்தில் ஒரு பங்கு அதற்குள் போய்ப் பரவித்தான் இதயத்துக்கு வரும். சிறுநீரக வாயித் தொகுதி. தவளை, பல்லி, கோழிக்கும் உண்டு. கோழியின் முதுகுத் துண்டைச் சாப்பிட்டால் எலும்புக் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் சிறுநீரகம். கோழிக்கு அந்த வழியில் ஒரு வால்வும் இருக்கிறது, தேவைக்குத் தக்கபடி திறந்து மூடும். மாட்டுக்கும் எங்களுக்கும் அந்த வழி இல்லை. ஈரல் வழி மட்டும் மீனில் இருந்து மனிசன் வரைக்கும் எல்லோருக்கும் இருக்கிறது. எங்களுக்கு மூளைக்குக் கீழே கபச் சுரப்பியிலும் ஒரு சின்ன வாயித் தொகுதி உண்டு, அதை உயர்தரத்தில் படிப்பீர்கள் என்று விட்டுவிட்டோம்.

கடைசி வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், ஈரல் பழுதாப் போறது குடிக்கிறவங்களுக்குத்தானே?"

யாரோ அவளைக் கிள்ளினார்கள். வகுப்பு அமைதியானது. எங்கட வாப்பாவின் கதை பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. இல்லை என்று சொல்லி, மேலே எழுதிய வட்டைக் கதையை வெண்பலகையில் கீறினோம். பாடவேளை முடிந்து மணி அடித்தும் பிள்ளைகள் போகவில்லை.

அது நடந்து ஒரு கிழமையில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரது மகள் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். அந்தத் தேத்தண்ணிக் கடைக் கதை அவர் வாயிலிருந்தும் வந்தது என்பது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி இரு பக்கமும் பேசவில்லை. உம்மா உள்ளே இருந்து தேத்தண்ணி அனுப்பினா, சீனி போடாமல். அவர் கையில் ஒரு ஸ்கேன் றிப்போட். ஈரலில் கொழுப்பு, இரண்டாம் படி என்று இருந்தது.

"சேர், இதென்னெண்டு வாசிச்சுச் சொல்லுங்களன்," என்றார். வாசித்துச் சொன்னோம். வாயி நாளத்தின் அகலமும் அதில் போட்டிருந்தது. அது இன்னும் சரியான அளவில்தான் இருந்தது.